சோற்றில் நட்ட ஸ்பூன்

என் செல்லத் தங்கச்சி செல்விக்கு,

நீ போய் ஏழு மாதமாகிறது. உன் பாப்பா இங்கே பாப்பாரப்பட்டியில் என்னோடும் உன் மாமாவோடும்தான் இருக்கிறாள். அவள் அப்பாவுக்கு ஓசூர் கம்பெனியில் ஷிப்டு வேலை, லீவு கிடைத்தால் வந்து பார்க்கிறார். நல்ல சேதியோடு எழுத நினைத்திருந்தேன். பயந்துபோய் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நீயும் பாப்பாவும் போனில் பார்ப்பீர்களே, அந்தக் கொரியா கார்ட்டூன், எல்லாம் அதில் ஆரம்பித்ததுதான். அதைப் பார்த்துவிட்டு முட்டைக்கோஸில் மிளகாயும் பூண்டும் அரைத்துத் தடவி ஜாடியில் புளிக்க வைத்தாய். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கடற்பாசித் தாள் கிடைக்கவில்லை என்று கோஸ் இலையில் சோற்றைச் சுருட்டி, துண்டு போட்டுப் பாப்பாவுக்கு ஊட்டினாய். அந்தக் கிறுக்கு உன்னைத் தவிர யாருக்கு வரும்?

இப்போது தட்டு வைத்ததும் அவள் சோற்றின் நடுவில் ஸ்பூனை நேராக நட்டுவிட்டுக் கைகட்டி உட்கார்ந்துகொள்கிறாள். சோறு ஆறியதும் எழுந்துவிடுகிறாள். பாலும் பிஸ்கட்டும்தான் உள்ளே போகிறது. யூனிபார்ம் தோளில் நிற்கவில்லை.

ஒருநாள் ஆத்திரத்தில் ஸ்பூனைப் பிடுங்கப் போனேன். "எடுக்காதீங்க பெரிம்மா. அம்மா சாப்புட்டுக்கிட்டு இருக்காங்க" என்றாள், என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே. திரும்பிப் பார்த்தேன், வெறும் சுவர்தான் இருந்தது.

பக்கத்து வீட்டு முனியம்மா அக்காவிடம் சொன்னேன். "இப்பிடி டெய்லியும் கூப்புட்டா, அவ ஒரு நாளைக்கி வந்து புள்ளையக் கையோட கூட்டிக்கிட்டுப் போயிருவா" என்றார். உன்னைப் போய் அப்படிச் சொல்லலாமா என்று சண்டை போட்டேன். ஆனால் அன்றிலிருந்து எனக்கும் அதே பயம்தான்.

அந்தக் கார்ட்டூனைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். செத்துப்போன தாய்க்குப் படையல் போடுகிறார்கள். சோறு, சூப்பு, மீன், மேல்பக்கம் சீவிய பேரிக்காய். சோற்றில் ஸ்பூனை நட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்கிறார்கள். நம் வீட்டிலும் படைத்துவிட்டுக் கதவைச் சாத்தி வெளியில்தானே நிற்போம்? எந்தக் கடலுக்கு அந்தப் பக்கமோ, அங்கேயும் இதே மாதிரி.

"இதுக்கு மேல நான் பாக்கல பெரிம்மா. அம்மா அழுதாங்க, நிறுத்திட்டாங்க" என்றாள் பாப்பா. செல்வி, போகப்போகிறாய் என்று அப்போதே உனக்குத் தெரிந்திருந்ததா?

மிச்சத்தை நான் பார்த்தேன். மூன்று தடவை கனைத்துக் கதவைத் திறக்கிறார்கள். ஸ்பூனை எடுத்துவிட்டு, கும்பிட்டு வழியனுப்புகிறார்கள். பிறகு அந்தச் சோற்றை எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பாப்பாவுக்கு உன்னைக் கூப்பிடத் தெரிந்திருக்கிறது, அனுப்பத் தெரியவில்லை. அவள் தினம் தினம் கூப்பிட்டதில் எத்தனை நாள் நீ போகாமலே இந்த வீட்டில் நின்றாயோ.

போன அமாவாசை மத்தியானம் சோறும் முருங்கைக்கீரையும் முட்டையும் படைத்தேன். ஸ்பூனை அவளே நட்டாள். கதவைச் சாத்திவிட்டு வாசலில் நின்றோம். உன் மாமா தோட்டத்தில் இருந்தார். உள்ளே ஈ காக்கா இல்லை. தட்டில் ஸ்பூன் படும் சத்தம் கேட்டது, ஒரே ஒரு தடவை.

"கேட்டுச்சா பெரிம்மா?" என்றாள். கேட்டது. நான் இல்லையென்று தலையாட்டினேன்.

கனைத்தேன். திறந்தேன். ஸ்பூன் நட்டபடியே நின்றது. சோற்றில் ஒரு பக்கம் பள்ளமாக இருந்தது. நான்தான் அப்படிப் போட்டேனா? எனக்கு ஞாபகமில்லை.

"அம்மா சாப்புட்டாச்சு பாப்பா. ஸ்பூன எடுத்துட்டு அனுப்பி வெச்சிரலாம்" என்றேன். அவள் ஸ்பூனை எடுத்து, கதவைப் பார்த்துக் கும்பிட்டு, "போயிட்டு வாங்கம்மா" என்றாள்.

சாவு வீட்டில் யாராவது போய்வருகிறேன் என்று சொல்வார்களா? சொல்லக்கூடாதென்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? அவளோ அந்தத் தட்டை இழுத்து வைத்து வழித்துத் தின்றாள். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டாள். அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டுப் போட்டேன்.

இப்போது தினமும் சாப்பிடுகிறாள்.

நான் சத்தியம் செய்கிறேன் செல்வி. அமாவாசை தவறாமல் சோறு வைப்பேன், ஸ்பூன் நடுவேன், கதவைச் சாத்திவிட்டு வெளியில் நிற்பேன். அவள் வரச்சொல்லிவிட்டாள், நீ வா. வயிறாரச் சாப்பிடு. அவளை ஆசை தீரப் பார்த்துக்கொள். போகும்போது மட்டும் தனியாகப் போ.

உன் அக்கா,
பாப்பாவின் பெரியம்மா