நீ வளைக்காத கம்பிகள்

அண்ணா, நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். மிகையாக ஒரு வரியும் இருக்காது. இன்று பகலில் அம்மாவின் புடவைப் பெட்டியிலிருந்து உன் இசைத்தட்டை எடுத்தேன். அட்டையெல்லாம் அந்துருண்டை வாசனை.

அந்தத் தட்டு வெளிவந்தபோது தாம்பரம் ரயில்வே காலனியே சிரித்தது. நீ கிட்டாரில் ப்ளூஸ் என்னும் சோக இசையை வாசிப்பதில் பெயரெடுத்தவன். கம்பியை விரலால் தள்ளி வளைத்து ஒரு சுரத்தை நீ அழவைத்தால் காலனி மன்றத்தில் விசில் பறக்கும். அப்படிப்பட்டவன் மெல்லிய காதல் பாட்டுகளையும் நாட்டுப்பாடல்களையும் பதிவுசெய்திருந்தாய். உன் குழுவின் இன்னொரு கிட்டார்க்காரர் ஜோசப் அண்ணன் வாசலில் நின்றே கேட்டார்.

"இன்னா மச்சான், தொட்டில் ஆட்றியா?"

"ஆமாடா. நீதான் கொழந்த. தூங்கு."

காமாலையில் நீ போன பிறகு அந்தச் சிரிப்பு இரக்கமாகிவிட்டது. எனக்கு அது இன்னும் மோசமாக இருந்தது. "பாவம், அப்பவே கை தளந்துபோச்சு. வளைக்க முடியல, அதான் மெத்துனு வாசிச்சிட்டான்" என்று பேசிக்கொண்டார்கள்.

ஆனால் நான் பார்த்திருக்கிறேன். பதிவுக்கு முன்பு, நீ நல்ல உடம்போடு இருந்தபோதே, மெல்லிய கம்பிகளைக் கழற்றிவிட்டுத் தடித்த கம்பிகளை மாட்டினாய். சரித்திரப் புத்தகத்தை மூடிவிட்டு ஏன் என்று கேட்டேன்.

"விரலுக்குப் பழக்கம் போக மாட்டேங்குது, பாப்பா. சும்மா இருக்கற பாட்டையும் அழ வச்சிடுது. இந்தக் கம்பி வளையாது."

இன்று மாலை மன்றத்தில் உனக்கு நினைவுக் கூட்டம். உன் கிட்டாரில் ஜோசப் அண்ணன் ப்ளூஸ் வாசிப்பதாக ஏற்பாடு. கூட்டம் தொடங்குமுன் தட்டை அவரிடம் நீட்டினேன்.

"இது வேணாம் பாப்பா. அவன் நல்லா இருந்தப்போ வாசிச்சத நெனச்சுக்கலாம்."

"இத வாசிச்சப்பவும் எங்கண்ணனுக்கு ஒண்ணும் இல்ல."

"ஸ்கூல் பொண்ணு, உனுக்கு இன்னா தெரியும்?"

"கிட்டார் உங்க கையிலதான் இருக்கு. கம்பி இன்னும் மாத்தல. வளைச்சுப் பாருங்க."

நான் நகரவில்லை. அவர் ஒரு கம்பியைத் தள்ளினார். பிறகு இன்னொரு விரலையும் சேர்த்துத் தள்ளினார். விரல்நுனி வெளுத்ததுதான் மிச்சம், சுரம் ஏறவேயில்லை.

"வேணும்னே மாட்டுனானா?"

"வேணும்னேதான்."

அவர் கிட்டாரை நாற்காலியில் சாய்த்து வைத்தார். மைக்குக்குப் போய் எல்லோரிடமும் அதைச் சொன்னார். பிறகு தட்டை ஓடவிட்டார். பின்வரிசையில் சிலர் தூங்கியதையும் எழுதத்தான் வேண்டும். உன் விரல்கள் ஒரு சுரத்தையும் வற்புறுத்தவில்லை. அம்மா மடியில் கைகோத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு பக்கம் முடிந்ததும் மன்றத்தைப் பூட்டக் காவலாளி சாவியோடு வந்தார். ஜோசப் அண்ணன் அவரை இருக்கச் சொல்லிவிட்டுத் தட்டைத் திருப்பிப் போட்டார்.

உன் கை தளரவில்லை, அண்ணா. யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கையில், நேரமாகிவிட்டதென்று மன்றத்து விளக்குகளை அணைத்துவிட்டார்கள். நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை.