சதுப்புக்கு ஏற்ற பொக்லைன்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், இருமலும் போய்விட்டது.

சதுப்பில் வாய்க்கால் வெட்ட முதலாளி டோன் ஃபெர்மின் பெரிய பொக்லைன் வாங்கப் பார்க்கிறார். விலை பேசும் முன்பே அதற்குக் காகித மாலை போட்டு, நம் வழக்கப்படி பூமித்தாய்க்கு பீரும் ஊற்றிவிட்டார். அகலச் சங்கிலிப் பட்டை பூட்டிய சின்ன வண்டியைத்தான் இந்த மண் தாங்கும் என்றேன்.

"சின்னதைக் கொண்டுபோனா பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான், இன்ஜினீயர் தம்பி!"

"உள்ளே உட்காரப்போறது நீங்களா, எவுசேபியோ அண்ணனா?"

எவுசேபியோதான் வண்டியை ஓட்டப்போகிறவர். நானே சதுப்பில் இறங்கிக் காட்டினேன். என் எடைக்கே கால் தொடைவரை புதைந்தது. பயப்படாதீர்கள், இழுத்துவிட்டார்கள், பூட்ஸ் ஒன்று மட்டும் உள்ளேயே இருக்கிறது.

அதைப் பார்த்த பிறகும், "வாங்கலாம்னு கையெழுத்துப் போடு, இல்லேன்னா சனிக்கிழமை கிளம்பு" என்கிறார் முதலாளி. போடமாட்டேன்.

கட்டிலடியில் கிடக்கும் என் பழைய பூட்ஸையும், நீங்கள் பனியில் காயவைத்த உருளைக்கிழங்கு கொஞ்சமும் ஒருரோ ஊர் பஸ்காரரிடம் கொடுத்தனுப்புங்கள். இங்கே சூப்பில் ருசியே இல்லை. சாப்பிடும்போது பேச ஆளும் இல்லை.

அவை சனிக்கிழமைக்குள் என் கைக்கு வந்துவிட வேண்டும். அவர் துரத்தினாலும் இரண்டு காலிலும் பூட்ஸோடுதான் வெளியேறுவேன்.

அவசரத்தில்,
உங்கள் வில்மர்