தலைப்பிரசவத்துக்கு இங்கே வராதே

தூத்துக்குடி
பிலவங்க வருஷம், பங்குனி மாதம்

சௌபாக்கியவதி கமலவல்லிக்கு, அப்பா யதிராஜன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் சௌக்கியம். சென்னப்பட்டணத்தில் நீயும் மாப்பிள்ளையும் நலமாயிருக்கப் பெருமாள் கிருபை செய்யட்டும்.

துறைமுகக் கூலிகள் வேலையை நிறுத்தினால் நாவிதருக்கும் சலவைக்காரருக்கும் என்ன வந்தது, துரைமார் ஆபீஸ் குமாஸ்தாக்களுக்குச் சவரமும் வெளுப்பும் கிடையாது என்று மாப்பிள்ளை பத்திரிகையில் படித்தது மெய்தானா என்று கேட்டிருக்கிறாய். மெய்தான். ஊரே ஒரு கட்டாக நிற்கிறது. என் அழுக்கு மூட்டை அவிழ்க்காமலே திரும்பி வந்தது. அம்மா துவைத்த கோட்டு சுருங்கிப்போய்த் தோளில் ஏறமாட்டேன் என்கிறது. பெண்டாட்டி பிள்ளையுண்டாயிருக்கும்போது மாப்பிள்ளை வளர்க்க வேண்டிய தீட்சையை மாமனார் வளர்க்கிறார் என்று ஆபீஸில் என் தாடியைப் பார்த்துக் கேலி செய்கிறார்கள். முதலில் நானும் சிரித்தேன்.

மந்திரமூர்த்தி சவரத்துக்கு வராவிட்டால் போகிறது. அவன் பெண்டாட்டி பகவதியும் வரமாட்டாள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. உன்னை முதலில் கையில் ஏந்திய மருத்துவச்சி அவள். நேற்று அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். "சாமி, கமலாம்மா எங் கையில விழுந்த கொழந்த. வரமாட்டேன்னு சொல்ல நாக்கு கூசுது. ஆனா பிச்சையா பொண்டாட்டி சண்முகத்தாய்க்கும் சித்திரையிலதான் பேறுகாலம். ஒத்தையில கெடக்கா. அவளுக்குப் பாத்த கையோட ஒங்க வீட்டுக்கு எப்படி வருவேன், நீங்களே சொல்லுங்க" என்றாள். ஏரலிலும் வேறு மருத்துவச்சிக்கு ஆள் விட்டுக் கேட்டேன், கையை விரித்துவிட்டார்கள்.

பிச்சையாவை உனக்குத் தெரியாது. தோணியில் மூட்டை ஏற்றுகிறவன். ஆட்களைக் கிளப்பிவிட்டது யார் என்று துரை கேட்டபோது மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் அவன் பெயரைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் துரை கொஞ்சம் முறைத்திருப்பார், அவ்வளவுதான். இப்போது அவன் பாளையங்கோட்டை ஜெயிலில் இருக்கிறான். சொன்னது தப்பு என்று சொல்ல தினமும் துரையின் அறை வாசல்வரை போகிறேன். உள்ளே போக மனசு துணியாமல் திரும்பிவிடுகிறேன்.

ஆகையால் அம்மா, தலைப்பிரசவத்துக்கு நீ இங்கே வராதே. பெற்றவன் எழுதக்கூடாத வார்த்தை இது. சம்பந்தி அம்மாள் ஏதாவது சொன்னால் என்னைத் திட்டச் சொல், அம்மாவைச் சொல்ல வேண்டாம். அவள் என்னோடு பேசுவதில்லை. இலையைப் போட்டுப் பரிமாறிவிட்டு உள்ளே போய்விடுகிறாள். உனக்காகக் கிளறி வைத்த லேகியத்தில் பாதியை இன்று காலை சண்முகத்தாய்க்கென்று பகவதியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெருமாள் உனக்குச் சுகப்பிரசவம் கொடுப்பார். வலி எடுக்கும்போது அவரைக் கூப்பிடுவாய் அல்லவா, அப்போது அந்தப் பெண்ணுக்கும் சேர்த்து வேண்டிக்கொள். நான் வேண்டினால் அவர் காதில் ஏறாது.

உன் அப்பா,
யதிராஜன்