கிரகணம் நுழையாத அறை

அக்கா,

இன்று காலை ஆய்வகத்தின் இருட்டறையில் நீல ஒளியைப் போட்டேன். கண்ணாடித் தட்டில் உன் குழந்தையின் செல்கள். நாலாவது முறையாகவும் அவை குழாயாக மடியவில்லை. பக்கத்துத் தட்டில் நல்லபடியாகப் பிறந்த வேறொரு குழந்தையின் செல்கள். அதே ஒளி, அதே நேரம். அவை சமர்த்தாகக் குழாய்போல மடிந்துகொண்டன. உட்கார்ந்து அழுதேன். பதில் வந்துவிட்டது, கேட்ட நீ இல்லை.

அந்தக் கிரகணத்தன்று உனக்கு நாள் தள்ளிப்போய் ஒரு வாரம். மாமியார் வெளியே வராதே என்றார். காயப்போட்ட துணியை எடுக்க லேக் கார்டன்ஸ் வீட்டுப் பால்கனிக்கு ஒரு நிமிடம் போனாய். மூளை முழுதாக உருவாகாமல் பிறந்தவன் ஆறு மணி நேரம் இருந்தான். "சொன்னேனே, கேட்டியா?" என்றார் மாமியார். எதிர்வீட்டு வங்காளிப் பெண், நீ பௌதி என்று கூப்பிடுவாயே, அந்த அண்ணியும் அதையே வங்காளத்தில் சொன்னாள்.

தொப்புள்கொடியை ஆய்வுக்குத் தர நீதான் கையெழுத்துப் போட்டாய். அதிலிருந்து ஸ்டெம் செல்களை உண்டாக்கி, மூளை உருவாகும் முதல் நாட்களைத் தட்டில் நடத்திப் பார்க்கிறோம்; செல்கள் குழாயாக மடிந்தால்தான் அது மூளையாகும். கருவில் செல்லுக்குச் செல் போகும் கட்டளையை இங்கே ஒளியால் கொடுக்கிறோம், நாங்கள் விரும்பிய நேரத்தில், விரும்பிய இடத்தில்.

ஒருநாள் பார்க்க வந்தாய். செல்களை வைத்திருக்கும் பெட்டியைத் தொட்டு, "உள்ள குளிருமாடி?" என்றாய்.

"முப்பத்தேழு டிகிரி. வயித்துக்குள்ள இருக்கிற அதே சூடு."

"அப்ப சரி" என்று கையை எடுக்காமலே நின்றாய். பிறகுதான் கேட்டாய்: "நான் பால்கனிக்குப் போனதாலயாடி?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்காது. ஆனா காரணம் இன்னும் தெரியலைக்கா."

"தெரியலைன்னா அதுவாவும் இருக்கலாம்ல?"

நான்தான் பெரிய விஞ்ஞானி ஆயிற்றே, ஆதாரம் இல்லாமல் வாயைத் திறப்பேனா? "ரிசல்ட் வரட்டும், சொல்றேன்" என்றேன். அதன்பிறகு நீ அந்தப் பால்கனிக் கதவைத் திறக்கவே இல்லையாம், அத்தான் சொன்னார். துர்கா பூஜைக்கு முன்னால் வந்த டெங்கு உன்னைக் கொண்டுபோய்விட்டது.

கேள் அக்கா. இந்த அறையில் கிரகணம் கிடையாது, பால்கனி கிடையாது. கட்டளை சரியாகப் போயும் அவை மடியவில்லை. கோளாறு முதலிலிருந்தே செல்லுக்குள் இருந்திருக்கிறது. நீ எதுவும் செய்யவில்லை.

மதியம் கிடர்பூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். பத்து நாள் முன்பு குழந்தையை இழந்தவள், நீ போட்ட அதே படிவத்தில் கையெழுத்துப் போட வந்திருந்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. "ஆப்னார் தோஷ் நொய்" என்றேன் வங்காளத்தில், உங்கள் தப்பு இல்லை என்று. அவள் குழந்தையின் செல்லை நான் இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் அழுதாள்.

ஆதாரமே இல்லாமல் முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்ல முடிந்தது. உன்னிடம் சொல்லவில்லையே, அக்கா.