எந்த ரிலீஸ்?

மார்ச் 5, செவ்வாய்

இன்றும் ரிலீஸ் கிடைக்கவில்லை. கோத்தா கினபாலு கிளையில் மூத்த வரைவாளர் வேலை எனக்கென்று ஒதுக்கியாகிவிட்டது. இங்கே குவாலா பிலாவில் அலுவலகத் தலைவர் என்னை விடுவித்து ரிலீஸ் கொடுத்தால் விமானம் ஏறலாம். அந்தத் தலைவர் என் புருஷன். ஒரு வருஷமாகக் கொடுக்காமல் இழுத்தடிக்கிறார். காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும், "ஸுரைனிய ரிலீஸ் பண்ணிட்டா எனக்கு யாருப்பா சோறு போடுவா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காதவர் ஒருவராவது இருக்கிறாரா என்று பார்த்தேன். இல்லை.

அலுவலகத்தில் அவரை மரியாதையாகத் துவான் என்று கூப்பிட வேண்டும், வீட்டில் செல்லமாக அபாங். பதினோரு வருஷமாக இரண்டு பேருக்கும் கைகட்டி நிற்கிறேன். ஆள் ஒன்றுதான், அகம்பாவமும் ஒன்றுதான்.

மார்ச் 8, வெள்ளி

அவர் பயிற்சி வகுப்புக்காக மலாக்கா போயிருக்கிறார். போனிலேயே சண்டை. இடமாற்றத்தில் ஆரம்பித்து, அவர் அம்மாவிடம் போய், என் ரெண்டாங் குழம்பில் உப்பில்லை என்பதற்கு வந்து, இனிமேல் இப்படி வாழ முடியாது என்று நான் அழுததில் முடிந்தது. போனை வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு மெசேஜ். கோபம் வந்தால்தான் துரைக்கு இங்கிலீஷ் வரும்.

"ஓகே. ஐ ரிலீஸ் யூ."

எங்கள் மலாயில் அதற்கு லெப்பாஸ். கயிறு அவிழ்த்துவிட்ட மாட்டுக்கும் லெப்பாஸ்தான். இடமாற்றம் கிடைத்த குமாஸ்தாவுக்கும் அதுதான். புருஷன் பெண்டாட்டியைப் பார்த்துச் சொன்னால் — அதற்கு என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் பள்ளிக்கூடம் போகாதவளுக்கும் தெரியும்.

அக்கா ரொக்கியாவிடம் காட்டினேன். "அடியேய், இது தலாக்குடி" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கா? பசித்தது. இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 9, சனி

துணிமணியோடு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 12, செவ்வாய்

ஆபீஸில் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். நான் சாத்தவில்லை. ஏதோ கோபத்தில் எழுதினாராம், அதற்கு அர்த்தமே கிடையாதாம், ராத்திரிக்குள் வீடு வந்து சேர வேண்டுமாம். அர்த்தமில்லாமல் எழுத இதென்ன கழிவறைச் சுவரா? தலாக் விழுந்ததா இல்லையா என்று ஷரியா நீதிமன்றம் சொல்லட்டும் என்றேன். மனு கொடுத்தாகிவிட்டது. முகம் சுருங்கிப்போயிற்று. பார்க்க நன்றாக இருந்தது.

ஏப்ரல் 17, புதன்

நீதிமன்றம். அவருடைய வக்கீல் தடித்தடியாக இரண்டு அகராதிகளைக் கொண்டுவந்திருந்தார். ரிலீஸ் என்றால் சிறையிலிருந்து விடுவது, படத்தை வெளியிடுவது, பிடியைத் தளர்த்துவது, பொறுப்பிலிருந்து விடுவிப்பது என்று மலாய் அர்த்தத்தோடு வரிசையாக வாசித்தார். மனைவியைப் பற்றி எந்த வரியிலும் இல்லையாம். இங்கிலீஷ்காரன் எழுதிய புத்தகத்தில் என் நிக்காஹ் எங்கே இருக்கும்? நாக்கு நுனிவரை வந்தது. ரொக்கியா தொடையில் கிள்ளினாள், அடக்கிக்கொண்டேன்.

நீதிபதி பொறுமையான மனுஷர். இந்த வார்த்தை நேரடியாகத் தலாக் என்று சொல்லவில்லை, இரண்டு பக்கமும் பொருள் தரும், ஆகையால் எண்ணம்தான் முக்கியம் என்றார். பிறகு என் புருஷனிடம் கேட்டார்: "எழுதும்போது உங்க மனசுல என்ன இருந்துச்சு?"

அவர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தொண்டையைக் கனைத்தார்.

"இடமாற்றந்தாங்க" என்றார் என் புருஷன். "ஆபீஸ் தலைவரா எழுதினது."

அடுத்த தவணையில் இதையே சத்தியம் செய்து சொல்லவேண்டும்.

மே 2, வியாழன்

சத்தியம் பண்ணிட்டான். கூசாம பண்ணிட்டான். தலாக் விழலையாம், நான் இன்னும் அவன் பெண்டாட்டிதானாம்.

அவன் மனசுல இருந்தது அவனுக்குத்தான் தெரியும்னு சொல்றாங்க. பதினோரு வருஷம் அந்த மனசோட குடித்தனம் பண்ணின எனக்குத் தெரியாதா? கோர்ட்டு வாசல்ல மாமியார் என் கையைப் பிடிச்சு, "நோன்பு வரப்போவுது, வந்து அடுப்படியக் கழுவி விடும்மா"ன்னு சிரிக்கிறா. அந்தச் சிரிப்பை அப்படியே —

எழுத வேண்டாம். நாசமாப் போகட்டும்.

மே 3, வெள்ளி

காலையில் பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. சத்தியம் செய்து அவர் சொன்னது என்ன? வாயில் நுரையோடு சிரித்தேன். ரொக்கியா பயந்துவிட்டாள்.

நேராக அவர் அறைக்குப் போனேன். இடமாற்றத்துக்குக் கையெழுத்து வேண்டும் என்றேன். அதெல்லாம் கோர்ட்டுக்காகச் சொன்னது என்றார், சாதாரணமாக, காலண்டரைப் பார்த்துக்கொண்டே. கதவு திறந்துதான் இருந்தது. வெளியே தட்டச்சுச் சத்தம் நின்றுபோயிற்று.

"துவான், சத்தியம் நிஜம்னா நான் உங்க ஆபீஸ்ல இல்ல. பொய்யின்னா நான் உங்க வீட்டுல இல்ல. நீதிபதி ஊர்லதான் இருக்கார். எதுன்னு சொல்லுங்க."

"குடும்ப விஷயத்த இங்க பேசாத."

"குடும்ப விஷயமா? அப்ப அது தலாக்குத்தானா?"

நான் நகரவில்லை. இழுப்பறையைத் திறந்து, ஒரு வருஷமாகக் கிடந்த என் விண்ணப்பத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அழுத்திப் போட்டதில் காகிதம் கிழிந்தது. கிழிந்தாலும் செல்லும் என்றார்கள் நிர்வாகப் பிரிவில்.

ஜூன் 30, ஞாயிறு

கோத்தா கினபாலு. வாடகை அறை. கொசு அதிகம்.

ஜூலை 14, ஞாயிறு

சாயங்காலம் போன் செய்தார். எப்போது வருகிறாய் என்றார். வரவில்லை என்றேன். மனைவி என்றால் புருஷன் இருக்கும் இடத்தில் இருக்கவேண்டும் என்று ஒரு பிரசங்கம். புருஷனாக வேண்டுமானால் இங்கே வந்து இருக்கலாம், அலுவலகத் தலைவராக என்றால் எனக்கு இங்கே வேறு தலைவர் இருக்கிறார் என்றேன்.

"சரி, போ" என்றார்.

காத்திருந்தேன்.

"போன்னா… போனை வையின்னு சொன்னேன்" என்றார் அவசரமாக. "வேற எதுவும் நினைச்சுச் சொல்லல. கேக்குதா ஸுரைனி? வேற எதுவுமில்ல."

கேட்கிறது என்று சொல்லிவிட்டு வைத்தேன்.