காலை வெயிலை மறித்த புகை

அக்கா,

பக்கத்து வயலில் வைக்கோல் எரிகிறது. அடுப்படிக் குசினி யன்னலால் புகை வந்து, தோய்த்துக் காயப்போட்ட சீலைகளில் ஏறிவிட்டது. முன்பென்றால் எழும்பி யன்னலைச் சாத்துவேன். இப்போது அது போகும் பக்கத்தைப் பார்க்கிறேன். தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று. முத்தையன்கட்டுக் குளத்தைத் தாண்டிக் கிழக்கே, உங்கள் கரைக்குத்தான் போகிறது.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கடலில் தீர்த்தமெடுக்க வந்த கூட்டத்தில்தான் நாம் பழகினோம். உங்கள் கருவாட்டுக் கொட்டிலடியில் எனக்குத் தண்ணீர் தந்தீர்கள். பிறகு கருவாடு வாங்கும் சாட்டில் வந்து கதைத்துக்கொண்டிருப்பேன்.

ஒரு சிறுபோக நெல் அறுவடைக் காலம். நெத்தலி மீனைத் தென்னங்கிடுகில் பரப்பிவிட்டுக் கடலைப் பார்த்தபடி நின்றீர்கள். விடிந்து வெகுநேரமாகியும் சூரியனைக் காணோம். கடலுக்கு மேல் தாழப் பதிந்து, பால்போல வெளுத்த மேகம்.

“உங்கட பக்கத்துப் புகை போய் ஏறினால் இது இப்பிடித்தான் தங்கச்சி. பெய்யவும் மாட்டுது, விலகவும் மாட்டுது. காத்துத் திரும்பினாப் பிறகு கொளுத்தச் சொல்லி வீட்டிலை சொல்லுங்கோ.”

வேள்விப் புகை மழையாகும் என்று நம்பி வளர்ந்தவள் நான். வைக்கோல் புகையும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். “பயப்பிடாதேங்கோ அக்கா, போன புகை மழையாய் வரும்,” என்றேன்.

“வந்தால் அதுவும் எனக்கு நட்டம்தானே பிள்ளை,” என்று சிரித்தீர்கள்.

வீட்டில் இவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை வந்தபோது, ஈரம் வற்றாமல் புழுத்த நெத்தலியை மணலில் குழி தோண்டித் தாட்டிருந்தீர்கள். எஞ்சியதில் நல்லதாக ஒரு பொதி கட்டி என் கையில் தந்தனுப்பினீர்கள்.

நீங்கள் இந்த உலகை விட்டுப் போன பிறகுதான், எங்கோ எரியும் காடுகளின் புகை கடல் மேகத்தில் கலப்பதைப் பற்றிக் கைபேசியில் ஒருவர் விளக்கக் கேட்டேன். புகைத்தூளைப் பிடித்துக்கொண்டுதான் அங்கே நீர் திரள்கிறதாம். தூள் கூடினால் அதே நீர் நிறையச் சின்னத் துளிகளாகப் பிரிந்துவிடும். அன்னதானப் பந்தியில் ஆட்கள் கூடினால் ஆளுக்கு அகப்பைச் சோறு குறைவதுபோல. எந்தத் துளிக்கும் விழுகிற கனம் வராது. மேகம் வெளுத்து, வெயிலைத் திருப்பியனுப்பிக்கொண்டு நெடுநேரம் நிற்கும். எப்போதும் அப்படி நடப்பதில்லை என்றும் சொன்னார். அன்று உங்கள் வெயிலை மறித்தது எங்கள் புகைதான் என்று அறுதியாகச் சொல்ல ஒருவராலும் முடியாது. வீட்டுக் கணக்கில் ஒரு சதம் பிசகினாலும் தேடிப் பிடிக்கிற எனக்கு, இதை மட்டும் எந்தப் பக்கத்தில் எழுதுவதென்று தெரியவில்லை.

உங்கள் கொட்டிலில் இப்போது மருமகள் நெத்தலி பரப்புகிறா.

இன்று இவர் தீப்பெட்டி கேட்டு வந்தார். வைக்கோலைச் சேற்றோடு உழுதுவிடுவோம் என்றேன்.

“ஊரெல்லாம் கொளுத்தேக்கை எங்கட ஒரு வயலாலை என்ன வரப்போகுது?”

“அக்கா கேட்டவா,” என்று மட்டும் சொன்னேன். வெறுங்கையோடு திரும்பிப் போனார்.

தீப்பெட்டி சாமிப்படத்தடியில் இருக்கிறது. கற்பூரம் கொளுத்தும்போது முன்பெல்லாம் அந்தப் புகையோடு என் வேண்டுதலை அனுப்புவேன். இப்போது அது கிழக்கே சாய்ந்தால், கை தானாக நீண்டு மறிக்கிறது.