சனிக்கிழமைக்கு ஐந்து வேன்

அய்யா துணை

ஈத்தாமொழி,
வியாழக்கிழமை.

அன்பு மகன் பிரபினுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மையும் நலம், பசுவும் நலம், தென்னைக்கு மட்டும் வண்டு. அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க அய்யாவை வேண்டுகிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடுதாசி என்று கேட்பாய். நான் போனை எடுத்தால் உன் அம்மை அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நிற்கிறாள், அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். படித்ததும் அழித்துவிடு.

விஷயம் உன் வேன்களைப் பற்றியது. இங்கிலாந்தில் போர்க்கப்பல்கள் நிற்கிற அந்தப் பழைய போர்ட்ஸ்மவுத்தில் நீ வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றிக் கொடுக்கிறாய், வேலை இருக்கிற வாரங்களுக்கு மட்டும் வேனை வாடகைக்கு எடுத்து, வேலை ஓய்ந்ததும் திருப்பிக் கொடுக்கிறாய், இது எனக்குத் தெரியும். உன் அம்மைக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் வேறு வேன் முன்னால் நின்று நீ படம் அனுப்ப, அவள் பழையதோடு கூட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். வெள்ளை வந்தபோது ஒன்று, நீலம் வந்தபோது இரண்டு. போன மாதம் அய்யாவின் நிழல்தாங்கலில் கும்பிட வந்தவர்களிடம், என் மகனுக்கு ஐந்து வேன் ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதே திருத்தியிருக்கலாம்தான். ஆனால் அங்கே நின்ற உன் சித்தியின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கும் சுகமாக இருந்தது, விட்டுவிட்டேன். அதற்குள் உன் கூட்டாளி மகேஷ்குமார் அம்மையிடம் படங்களை வாங்கி, உன் பிறந்தநாளுக்கு ஜங்ஷனில் பிளக்ஸ் வைத்துவிட்டான். ஐந்து வேனும் வரிசையாக நிற்கின்றன, நடுவில் நீ, தலைக்கு மேலே வேன் அதிபர் என்று எழுத்து. உனக்குக் கூலிங் கிளாஸும் அவனே மாட்டியிருக்கிறான்.

அந்தப் பிளக்ஸைப் பார்த்துத்தான் அருமனையிலிருந்து சம்பந்தம் வந்தது. பெண் பூங்கனியின் பெயரைச் சொன்னதும் வீடியோவில் உன் காது சிவந்ததை நான் பார்த்தேன், மறைக்காதே. எனக்கும் இது தட்டிப் போகக் கூடாது என்றுதான் ஆசை. ஆனால் உன் பக்கத்து ஊரில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிற அவள் அண்ணன், சனிக்கிழமை உன் வேன்களைப் பார்க்க வருவான் என்று சொல்லிவிட்டார்கள். இனி மறைத்தால் ஆபத்து என்று அம்மையிடம் உண்மையைச் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள், நான் படியில் நின்று கேட்டேன். ஒரே ஒரு நாளைக்கு ஐந்து வேன் வாடகைக்கு எடுத்து வாசலில் நிறுத்து என்று அவள் சொல்கிறாள், ஸ்பீக்கரில் நீயும் சரி அம்மா என்கிறாய். அந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் உனக்கு இந்தப் புத்திதானா மக்கா? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, கோபமும் வந்தது.

நேற்றுக் காலையில் வண்டு மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அருமனைக்கு பஸ் ஏறினேன். பெண்ணின் அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடலாம் என்று. அவர்களுடைய ரப்பர் ஷீட் கடையில் அவர் இல்லை, பூங்கனிதான் ஷீட்டை எடை போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு எலுமிச்சை பிழிந்த நாரங்காவெள்ளம் வாங்கிக் கொடுத்து, நான் தொண்டையைச் செருமுவதற்குள் அவளே ஆரம்பித்தாள். "மாமா, பிளக்ஸ்ல உள்ள அந்த அஞ்சு வேன் கதவுலயும் ஒரே வாடகைக் கம்பெனிக்க பேரும் நம்பரும் இருக்கு. ஆராவது வாசிச்சியளா?" நான் வாசிக்கவில்லை. ஊரில் ஒருத்தரும் வாசிக்கவில்லை. அவள் அண்ணன் அந்தச் சனிக்கிழமைதான் வீடு மாறுகிறானாம். அவனுக்கு ஒரு வேன் கேட்பது போல இவளே அந்த நம்பருக்கு அடித்திருக்கிறாள். இருந்த ஐந்தையும் ஒரே ஆள் எடுத்துவிட்டார், அன்றைக்கு வேனே கிடையாது என்று சொன்னார்களாம். அந்த ஒரே ஆள் யார் என்று அவள் என்னிடம் கேட்கவில்லை, நாரங்காவெள்ளத்துக்கு இன்னும் சர்க்கரை வேண்டுமா என்று கேட்டாள். எனக்கு அந்த இடத்திலேயே அவளைப் பிடித்துவிட்டது.

கிளம்பும்போது சொன்னாள். "நாலை வேண்டாம்னு சொல்லச் சொல்லுங்க மாமா. ஒண்ணு போதும். அதுல அண்ணனுக்க சாமானை ஏத்திக் குடுக்கட்டும். வேன் எத்தனைன்னு எனக்கு வேண்டாம், ஆளு எப்படின்னு அண்ணன் பாத்துச் சொல்லும்." அவள் அப்பாவிடம் பிறகு அவளே பேசிக்கொள்வாளாம். ஆகவே, இதைப் படித்த கையோடு நாலு வேனை ரத்து செய். அவள் அண்ணன் எத்தனை வேன் என்று கேட்டால், சொந்தமாக ஒன்றும் இல்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல். அம்மையிடம் நான் இன்னும் மூச்சுவிடவில்லை. அருமனையில் நான் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில் அவள் என்னோடு சண்டை போடாமல் தினமும் நெய்மீன் குழம்பு வைக்கிறாள், சனிக்கிழமை வரைக்கும் அப்படியே போகட்டும்.

எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் உனக்கு என்றைக்கும் உண்டு, அய்யா கூடவே இருப்பார். சனிக்கிழமை அந்த ஒரு வேனோடு பூங்கனியின் அண்ணன் வீட்டில் நேரத்தோடு போய் நில். பீரோவைத் தூக்கும்போது கனமான பக்கத்தை நீ பிடி, அவன் உனக்கு மச்சானாகப் போகிறவன்.

இப்படிக்கு,
உன் அப்பா
தங்கையன்